பல்தூது வானியற்பியலில் இந்தியக் கருவிகளின் பங்கு பெயரளவிலானதா?

ஜெயநகர் ஆசிரியை:
வணக்கம். பெங்களூருவில் இளநிலை மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். ஈர்ப்பு அலை, நியூட்ரினோ, காமா கதிர், ஒளி ஆகிய தூதுகளை ஒன்றுசேர்த்து ஆராயும் முறையைப் பற்றி வகுப்பில் பேசியபோது, ஈர்ப்பு அலைகளை உணரும் லைகோ அமெரிக்காவிலும், விர்கோ இத்தாலியிலும், நியூட்ரினோ துகள்களைப் பதியும் ஐஸ்கியூப் தென் துருவத்திலும் இருக்கையில் ஆய்வுக் கட்டுரைகளில் நம்மவர் பெயர் வருவது வெறும் மரியாதைக்காகத்தானா என்று ஒரு மாணவர் கேட்டார். மழுப்பலாக விடை சொல்ல மனம் வரவில்லை. நிகழ்வு ஒன்று நடந்ததும் எந்தக் கருவி என்ன செய்கிறது, தரவு யாருக்குச் சொந்தம் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஹொசகோட்டைவாசி:
அம்மா, 2017 ஆகஸ்ட் 17 அன்று நடந்ததை மணிக்கணக்கோடு அவருக்குச் சொல்லுங்கள். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பு அலை நம் நேரப்படி மாலை 6.11க்குப் பூமியை எட்டியது, அதற்கு 1.7 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. லைகோவின் இரு கருவிகளில் ஒன்றான லிவிங்ஸ்டன் கருவியில் அந்த நேரம் பார்த்து ஓர் இரைச்சல் குறுக்கிட்டிருந்தது. அதைக் களைந்து, லைகோவின் இரண்டு, விர்கோ என மூன்று கருவிகளின் தரவையும் சேர்த்து வான வரைபடம் வெளியிடுவதற்குள் இரவு 11.24 ஆகிவிட்டது. அப்போது அந்த வானப்பகுதி நமக்கு மேற்கே மறைந்து போயிருந்தது. சிலியில் இருட்டிய பிறகு ஸ்வோப் தொலைநோக்கிதான், சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியை முதலில் கண்டது.

இதில் விர்கோவின் பங்கைக் கவனியுங்கள். மோதல் நிகழ்ந்த திசை அதன் உணர்திறன் மிகக் குறைந்த திசையாக இருந்ததால் சமிக்ஞை அதில் மிக மெலிதாகவே இருந்தது. தேடவேண்டிய பரப்பு ஏறத்தாழ 30 சதுர பாகைக்குச் சுருங்கியதே அந்த மெலிவால்தான். நமது ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுக்கும் பூமி குறுக்கே நின்றதால் வெடிப்பு தெரியவில்லை. பூமி மறைத்த பகுதிக்குள்தான் மூலம் இருக்கவேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சான்றாயிற்று. பின்னர், மகாராஷ்டிராவின் நாராயண்காவ் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களுடன் இயங்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி, மோதலின் எச்ச ஒளிர்வைக் குறைந்த அதிர்வெண்களில் தொடர்ந்து அளந்தது. இதை மரியாதைக்குப் பெயர் சேர்ப்பது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இரவுப்பணி:
முன்னவர் சொன்னது சரிதான். ஆனாலும் பகிர்வு என்பது அத்தனை சுமுகமானதன்று. ஈர்ப்பு அலை அறிவிப்புகள் 2019 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் உடனுக்குடன் கிடைக்கின்றன. தொலைநோக்கி நேரம் அப்படிக் கிடைப்பதில்லை. லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியை பெங்களூரு அருகே ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக இயக்குகிறார்கள். விண்ணப்பித்துக் காத்திருந்து இரவு பெற்ற ஒருவர் தம் விண்மீனை நோக்கிக்கொண்டிருக்கையில், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற அவசர விண்ணப்பம் ஒன்று குறுக்கிட்டால், அவர் ஒதுங்கி வழிவிட வேண்டியதுதான். இழந்த அந்த மணிநேரங்களைக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் யாரும் தேடுவதில்லை. இத்தகைய திடீர் நிகழ்வுகளை உடனுக்குடன் பின்தொடரவே, இந்திய வானியற்பியல் நிறுவனமும் மும்பை ஐஐடியும் சேர்ந்து 0.7 மீட்டர் குரோத்-இந்தியா தொலைநோக்கியை அதே ஹான்லேயில் அமைத்தன. கேனரித் தீவுகளுக்கும் கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில் அது இருப்பதால், அங்கெல்லாம் பகலாக இருக்கும் வேளையிலும் தேடல் தொடர முடிகிறது.

தரவைப் பொறுத்தவரை, ஜிஎம்ஆர்டிக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தவருக்கு ஒரு குறிப்பிட்ட காலம் தனியுரிமை உண்டு. அதன்பின் தரவு பொதுக் காப்பகத்துக்குப் போகும்.

கோலார்க்காரன்:
கேள்வி எழுந்த இடம் பெங்களூரு என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் உள்ள கோலார் தங்கவயல் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் கூட்டாக வைத்த கருவிகள் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவு செய்தன. நம்மிடம் இருந்தது ஆழமான சுரங்கம். அதைத் தேடித்தான் வெளிநாட்டார் இங்கே வந்தார்கள். மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையும் லைகோ-இந்தியா ஈர்ப்பு அலைக் கருவிக்கு, 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்ததிலும் இடத்தின் கணக்கு உண்டு: மற்றக் கருவிகளிலிருந்து வெகுதொலைவில் இன்னொன்று இருந்தால், அலை வந்து சேரும் நேர வேறுபாட்டைக்கொண்டு திசையை இன்னும் துல்லியமாகக் கணிக்கலாம்.

ஜெயநகர் ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. லைகோவின் திறந்த தரவுத் தளத்திலிருந்து அந்த 2017 சமிக்ஞையைப் பதிவிறக்கி, லிவிங்ஸ்டன் இரைச்சலை வகுப்பிலேயே காட்ட எண்ணுகிறேன். பைதான் இப்போதுதான் பழகிவரும் மாணவர்களுக்கு எந்தப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம் என்று யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.