‘கிரீட் 2’: மனசு ஒரு மூலையில், கெமரா இன்னொரு மூலையிலா?

கொட்டகலை மழை:
ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. பக்கத்து லயத்துப் பையன்கள் ஐந்து பேர் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்காக ‘கிரீட் 2’ குத்துச்சண்டைப் படத்தைப் போட்டேன். நான் பார்ப்பது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் மனசு இடறியது. அதைப் பேசத்தான் இந்தத் திரி.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1985இல் வந்த ‘ரொக்கி 4’ படத்தில் அப்போலோ கிரீட், சோவியத் வீரன் ஐவன் டிராகோவின் அடியில் வளையத்துக்குள்ளேயே உயிரை விடுகிறார். அவருடைய மூலையில் துணைக்கு நின்ற நண்பன் ரொக்கியின் கையில் துவாய் இருக்கிறது. வீசினால் சண்டை நின்றுவிடும். ‘வீசாதே’ என்று அப்போலோ சொன்னதால் அவன் வீசவில்லை. பிறகு ரொக்கி மொஸ்கோவுக்குப் போய் ஐவனைத் தோற்கடிக்கிறான். 2018இல் வந்த ‘கிரீட் 2’ இரண்டு மகன்களின் கதை. ஐவனின் மகன் விக்டர், அப்போலோவின் மகன் அடோனிஸுக்குச் சவால் விடுகிறான். புரூக்ளினில் நடக்கும் முதல் சண்டையில் அடோனிஸின் விலா எலும்பு உடைகிறது. ஆனால் விழுந்து கிடப்பவனை அடித்ததால் விக்டர் தகுதி இழக்கிறான், பட்டம் அடோனிஸிடமே தங்குகிறது. மொஸ்கோவில் மறுசண்டை. அங்கே மகன் அடிவாங்குவதைப் பொறுக்காமல் ஐவனே துவாயை வீசுகிறார்.

என் குறை இதுதான். படத்தில் இரத்தமும் சதையுமான வாழ்க்கை முழுக்க டிராகோ வீட்டில்தான் இருக்கிறது. கியேவில் ஒரு சிறிய வீடு, கூலி வேலை செய்யும் மகன், 33 வருடமாக ஒரே தோல்வியை மென்றுகொண்டிருக்கும் தகப்பன். தோற்றவுடன் விட்டுப்போன தாய் லுட்மிலா, மகன் ஜெயிக்கத் தொடங்கியதும் பெரிய மனிதர்களோடு விருந்து மேசைக்கு வருகிறாள். விக்டர் எழுந்து போய்விடுகிறான். அந்தக் காட்சியில் ஐந்து பையன்களும் அசையவில்லை. அடோனிஸ் வீட்டுக் காட்சிகளில் ஒருவன் தண்ணீர் குடிக்கப் போனான், ஒருவன் தூங்கினான். கெமரா மட்டும் அடோனிஸை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

ஒரு நாடு ஒரு குடும்பத்தைப் பார்த்து ‘நீ வேண்டாம்’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? மலையகத் தமிழரைப் பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் என் தாத்தாவின் தம்பியும் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர், அதற்குப் பிறகு தாத்தாவைப் பார்க்கவே இல்லை. ஐவனின் முகத்தில் நான் அவரைத்தான் பார்த்தேன்.

பதுளைப் பொடியன்:
அண்ணே, இது அடோனிஸின் படம்தானே? பெயரே கிரீட். எதிராளிக்கு இவ்வளவு இடம் கொடுத்ததே பெரிய விஷயம். ‘ரொக்கி 4’இல் ஐவன் பேசியது விரல்விட்டு எண்ணும் வசனங்கள்தான். அங்கே அவர் ஓர் இயந்திரம், இங்கே மனிதன். அதற்காகவே நான் இந்த இரண்டாம் பாகத்தை மேலே வைப்பேன். அப்புறம் மொஸ்கோவில் அடோனிஸின் காதலி பியன்கா பாடிக்கொண்டே அவனை வளையத்துக்குக் கூட்டிவருவாளே, அந்த இடம் எனக்கு ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறியும்.

இடதுகை, கண்டி:
நான் பள்ளிக்காலத்தில் ஸ்டப்ஸ் கேடயக் குத்துச்சண்டைப் போட்டி வரைக்கும் போனவன். அதனால் சண்டையைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன்.

2015இல் வந்த முதல் ‘கிரீட்’ படத்தில் அடோனிஸ் மோதியது லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு. அதன் உச்ச எடை 175 இறாத்தல், 79 கிலோ சொச்சம். இரண்டாம் படம் தொடங்கும்போதே அவன் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதி வென்றுவிடுகிறான். நடுவில் க்ரூசர் என்று ஒரு முழு எடைப்பிரிவு இருக்கிறது. எப்படித் தாண்டினான், உடம்பை எப்படி ஏற்றினான் என்று படம் சொல்லவே இல்லை. விக்டராக நடித்த புளோரியன் முன்டேனு நிஜத்திலும் குத்துச்சண்டை ஆடியவர். பக்கத்தில் நிற்கும்போது எடை வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. அதைக் கதையாக்கியிருந்தால் பயிற்சிக் காட்சிகளுக்கு ஒரு மூளை வந்திருக்கும். பெரிய ஆளோடு மோதுபவன் கால்வேலையையும் கோணத்தையும் படிக்க வேண்டும். இவர்கள் பாலைவனத்துக்குக் கூட்டிப்போய் டயரையும் சம்மட்டியையும் கொடுக்கிறார்கள்.

முதல் படத்தில் ரயன் கூக்ளர் ஒரு முழுச் சண்டையை, இரண்டு சுற்றுகளையும், வெட்டே தெரியாமல் ஒரே ஷொட்டாக எடுத்திருப்பார். வளையத்துக்குள் நாமே மூச்சு வாங்குவது போல இருக்கும். இரண்டாம் படத்தின் இயக்குநர் ஸ்டீவன் கேப்பிள் ஜூனியர். இவருடைய சண்டைகளில் அடியின் சத்தம் இருக்கிறது, அடுத்து என்ன என்ற பயம் இல்லை. மறுசண்டையில் யார் வெல்வார் என்று இடைவேளைக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் முதல் சண்டையைத் தகுதியிழப்பில் முடித்தது எனக்குப் பிடித்தது. பட்டம் இடுப்பில் இருக்கிறது, ஆனால் தான் தோற்றவன் என்று அவனுக்குத் தெரியும். அந்த வெட்கம் உண்மையானது.

தேயிலைப்பூ:
கொட்டகலைத் தம்பி, இரண்டு விஷயம்.

முதலாவது, 1964ஐ இங்கே கொண்டுவராதீர்கள். ஐவன் ஒரு காலத்தில் அந்த நாட்டின் செல்லப்பிள்ளை. தோற்றதால் கைவிட்டார்கள். நம் ஆட்கள் எந்தச் சண்டையில் தோற்றார்கள்? கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்காமல் இரண்டு அரசுகள் பங்கு போட்டுக்கொண்டன. உங்கள் சின்னத் தாத்தாவின் துயரத்தை ஐவனின் துயரத்தோடு வைத்தால் அவருக்கு நடந்தது சிறுத்துப்போகும்.

இரண்டாவது, அடோனிஸ் வீட்டில் வாழ்க்கை இல்லை என்கிறீர்கள். பியன்காவுக்குக் கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. முதல் படத்திலேயே அது வருகிறது. இரண்டாம் படத்தில் குழந்தை பிறக்கிறது. குழந்தைக்கும் அது வந்திருக்குமோ என்ற பயம் கர்ப்ப காலம் முழுக்க அவளுக்கு இருக்கிறது. பிறகு அந்தச் சோதனை அறை. தகப்பனும் தாயும் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில்தான் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்தோம். அதற்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரியில், ‘சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும், போய்விட்டு வாருங்கள்’ என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கண்டிக்குக் கொண்டுபோனோம். அந்த அறையில் என் கணவர் நின்ற நிலை இருக்கிறதே, அப்படியே அடோனிஸ் நிற்கிறான். அடிக்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு குத்துச்சண்டைக்காரன் என்ன செய்வான்? இந்தப் படத்தில் எனக்குக் கிடைத்த நல்ல கேள்வி அதுதான். ரொக்கியின் மகன் விலகிப்போன கதையைவிட, அந்த அத்தனை பயிற்சிக் காட்சிகளையும்விட, எனக்கு இந்த ஓர் அறை போதும்.

கொட்டகலை மழை:
அக்கா, மன்னியுங்கள். பையன்கள் நெளிந்ததால் அந்தக் காட்சியை நான் ஓட்டிவிட்டேன். முதல் இரண்டு தடவையும் பார்த்திருக்கிறேன், ஆனால் இப்போது நீங்கள் சொல்லும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. அவர்களுக்கு அடோனிஸ் வீடு சலித்ததில் என் பங்கும் இருக்கிறது.

1964ஐப் பற்றி நீங்கள் சொன்னதையும் ஏற்கிறேன். ஐவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது, அதைத் தடுக்க முடியாது. ஆனால் இரண்டும் ஒன்று என்று எழுதியிருக்கக் கூடாது.

கெமராவைப் பற்றிய என் குறை மட்டும் அப்படியே இருக்கிறது. துவாய் விழுகிறது. ஒரு தகப்பன் 33 வருடக் கோபத்தைக் கையிலிருந்து விடுகிறார். ரொக்கி அன்று செய்யாததை ஐவன் இன்று செய்கிறார். இரண்டு படங்களையும் சேர்த்துக் கட்டும் முடிச்சே அதுதான். ஐவன் மகனைக் கட்டிப்பிடிக்கிறார், கொஞ்ச நேரம்தான், கெமரா உடனே வெற்றிக் கூட்டத்துக்கு ஓடிவிடுகிறது.

பதுளைப் பொடியன்:
கடைசியில் ஐவனும் விக்டரும் சேர்ந்து ஓடுகிறார்களே அண்ணே. அதற்கு மேல் வசனம் வைத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

இடதுகை, கண்டி:
கெமரா விஷயத்தில் நான் கொட்டகலை பக்கம். காரணம் சொல்கிறேன்.

எனக்குப் பதினேழு வயதில் ஒரு போட்டியில் என் மூலையிலிருந்து துவாய் விழுந்தது. இரண்டாம் சுற்று. இடது புருவம் கிழிந்திருந்தது, ஆனால் என் காலில் நான் நின்றுகொண்டிருந்தேன். வீசியவர் என் பயிற்சியாளர். ‘இன்னும் முடியவில்லை சேர்’ என்று கத்தினேன். மண்டபத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை, கையுறையும் தொடவில்லை. அவர் என்னைக் காப்பாற்றினார் என்று இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னை நம்பாமல் போய்விட்டார் என்பதுதான்.

துவாய் வீசுபவரின் கதை ஒன்று, யாருக்காக வீசப்பட்டதோ அவனுடைய கதை இன்னொன்று. படம் ஐவனின் கையை நன்றாகக் காட்டுகிறது. விக்டருக்கு அந்த நொடியில் என்ன ஆனது? தாய் ஆசனத்தை விட்டு எழுந்து போனதை அவன் பார்த்துவிட்டான். இப்போது தகப்பனும் போதும் என்கிறார். அது அன்பு என்று அவனுக்கு எப்போது புரிந்தது? பொடியன் சொல்லும் ஓட்டத்துக்கும் துவாய்க்கும் நடுவில்தான் அந்தக் கதை இருக்கிறது. படம் அதைத் தாண்டிப் போய்விட்டது.

தேயிலைப்பூ:
இதைக் கேட்ட பிறகு கெமரா விஷயத்தில் நான் பாதி இறங்கிவருகிறேன். ஆனால் விக்டருக்காகச் சோதனை அறையை விட்டுக்கொடுக்க மாட்டேன். நேரம் வேண்டுமென்றால் அந்தப் போட்டி ஏற்பாட்டாளன் வரும் காட்சிகளை வெட்டட்டும். சண்டையை மூட்டிவிடுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலையே இல்லை.

பதுளைப் பொடியன்:
இடதுகை அண்ணே, அந்த சேரோடு பிறகு பேசினீர்களா?

இடதுகை, கண்டி:
பேசினேன் தம்பி. அவர் வீட்டுக்கே போனேன். போட்டியைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தார். கிளம்பும்போது புருவத்துத் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

கொட்டகலை மழை:
வரும் ஞாயிறு பையன்களுக்கு மறுபடி போடுகிறேன். இந்தத் தடவை எதையும் ஓட்ட மாட்டேன்.