மிமிக்ரி மேடையிலிருந்து சினிமா: சிவகார்த்திகேயன் எதை மாத்திக்க வேண்டியிருந்திருக்கும்?

கேள்வி: 'கலக்கப்போவது யாரு' மேடையில மிமிக்ரி பண்ணவர், 2012ல 'மெரினா' நாயகன். மேடைப் பழக்கத்துல எதெல்லாம் கேமரா முன்னாடி உதைக்கும்?

பதில் 1: முதல்ல இடைவெளி. மேடையில பஞ்ச் அடிச்சிட்டு, கைத்தட்டல் அடங்க ரெண்டு மூணு விநாடி நிப்பாங்க. ஷூட்டிங்ல சிரிக்க ஆளில்லை. அங்கயும் அப்படி நின்னா காட்சி தொங்கிடும்.

பதில் 2: அதைவிடப் பெரிய தலைவலி கன்டினியுட்டி, அதாவது ஒரே காட்சியோட ஷாட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும்கிறது. வைட் ஷாட்ல (தூரத்துலருந்து முழுசா எடுக்கிறது) எந்த வார்த்தைக்கு டீ கிளாஸைத் தூக்கினாரோ, குளோசப்லயும் அதே வார்த்தைக்குத் தூக்கணும். மேடைக்காரங்க டேக்குக்கு டேக் வசனத்தை மாத்துவாங்க, எடிட்டிங்ல ஒட்டாது. கடைசி வரிசையில இருக்கவங்களுக்கும் தெரியணும்னு புருவம் தூக்குறதும் குளோசப்ல ஓவராத் தெரியும்.

பதில் 3: '3' படத்துல தனுஷோட நண்பனா வந்ததை விட்டுட்டீங்களே, அதுவும் 2012தான். 'அமரன்' (2024) மேஜர் முகுந்த் வரதராஜன் வேஷம் காமெடியை நம்பினதே இல்ல.