‘ஹாஃப்-மியூட்’: விளக்கை அணைத்துவிட்டுக் கேட்ட இரவு

டக்ஸிடோமூன் குழுவின் ‘ஹாஃப்-மியூட்’ இசைத்தொகுப்பை முதன்முதலில் ஒரு பேருந்துப் பயணத்தில் கேட்டேன். இரைச்சலில் பாதி காதில் விழவில்லை, விழுந்ததும் பிடிபடவில்லை, ஆகவே இரண்டாவது பாடலோடு நிறுத்திவிட்டேன். சில மாதங்கள் கழித்து, வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் அன்று எதைத் தவறவிட்டேன் என்று புரிந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் சிட்டி காலேஜில் மின்னணு இசை படித்த பிளேன் ரைனிங்கரும் ஸ்டீவன் பிரவுனும் 1977-இல் தொடங்கிய குழு இது. பிரவுன் ‘ஏஞ்சல்ஸ் ஆஃப் லைட்’ என்ற நாடகக் குழுவோடு பழகியவர். 1980-இல் ரால்ஃப் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட இந்தத் தொகுப்பில், பங்க் எனும் முரட்டு ராக் இசை என்றதும் நாம் எதிர்பார்க்கும் கிட்டார் முழக்கத்தின் இடத்தை வயலினும் சாக்ஸஃபோனும் சின்தசைசரும் பிடித்துக்கொள்கின்றன. டிரம் மெஷினின் உணர்ச்சியற்ற தட்டலுக்கு மேல் குழுவின் பீட்டர் பிரின்சிபிள் வாசிக்கும் பேஸ் கிட்டார், ஆளில்லாத தெருவில் யாரோ நிதானமாக நடந்து வருவதைப் போல ஒலிக்கிறது.

என்னை உலுக்கியது ‘ஜேம்ஸ் வேல்’ என்ற பாடல். 1931-இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ திகில் படத்தை இயக்கியவரின் பெயர் அது. பாடல் வரி ஒன்றுகூட இல்லை. தூரத்து மணியோசையும் வயலினின் இழுப்பும் மட்டுமே. ஆனாலும் கண்ணை மூடியிருந்த எனக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு குன்றும், அதன்மேல் மெல்லத் திறக்கும் ஒரு கதவும் தெரிந்தன. காட்சியை நம் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் இந்தத் துணிவை, இதைவிடப் புகழ்பெற்ற பல தொகுப்புகளில் நான் கண்டதில்லை.

‘ட்ரைடோன்’ என்ற பாடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேற்கத்திய மரபு சாத்தானின் இடைவெளி என்று அஞ்சிய சுரத்தொலைவின் பெயர் அது. நம் சங்கீதத்தில் சட்ஜத்திலிருந்து, பஞ்சமத்துக்குச் சற்றே கீழே நிற்கும் பிரதி மத்யமம் வரையுள்ள அதே தொலைவு. கல்யாணி ராகத்தில் நாம் ஆசையோடு கேட்கும் சுரம் எப்படி அச்சமூட்டும் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. வயலின் கற்கும் என் தங்கையிடம் கேட்டேன். அவள் சட்ஜத்தைப் பிடித்து, பிரதி மத்யமத்தில் வில்லை நிறுத்தி, வெகுநேரம் அங்கேயே நீட்டினாள். பிறகு வில்லை எடுத்துவிட்டு, “பஞ்சமத்துக்குப் போகாம இங்கேயே நின்னா பயமாத்தான் இருக்கு, அண்ணா” என்றாள்.