ஆடுதுறை வீடு: ரிசீவர் பஞ்சாயத்து

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கிற பகுள பஞ்சமிக்கு இன்னும் ஒன்பது நாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தாத்தா இந்த வருஷம் திருவையாறு போக முடியாது. டிவியில் இருக்கிற ஸ்பீக்கரில் அங்கே பாடுகிற பஞ்சரத்னக் கீர்த்தனைகளைக் கேட்டால் தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது. ஹாலுக்கு ஒரு ரிசீவரும் (டிவி ஒலியை வாங்கிப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர் பெட்டி) ஸ்பீக்கரும் வாங்கிவிடலாம். இன்றைக்கு முடிவு சொன்னால் நாளை ஆர்டர்.

குடந்தை அத்தை: வாங்குடா கண்ணா 👍

சிங்கப்பூர் செல்வி: பாதி என் கணக்கு

மாயவரம் சித்தப்பா: எத்தனை வாட்

செந்தில்: வாட்டை மட்டும் கேட்டால் ஏமாந்துவிடுவோம் சித்தப்பா. நான் பார்த்து வைத்திருக்கிற பெட்டிக்கு அந்தக் கம்பெனியே மூன்று கணக்கு போட்டிருக்கிறது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது காதுக்கு எட்டுகிற எல்லா சுரமும், இடது வலது இரண்டு சேனலும் ஓடும்போது, திரிபு 0.09 சதவீதம்: 70 வாட். 1,000 ஹெர்ட்ஸ் மட்டும், ஒரே சேனல், திரிபு 0.9 சதவீதம்: 100 வாட். அதே ஒரு சேனலில் திரிபு 10 சதவீதம் வரை போகட்டும் என்று விட்டால் 135 வாட். பெட்டி ஒன்றுதான். கொட்டை எழுத்தில் போட்டிருப்பது 135. மற்றதெல்லாம் பொடி எழுத்து.

மாயவரம் சித்தப்பா: 135 நல்லதுதானே

குடந்தை அத்தை: திரிபு என்றால்? பால் திரிகிற மாதிரியா?

செந்தில்: கிட்டத்தட்ட அதேதான் அத்தை. டிஎச்டி என்று போட்டிருப்பார்கள். நீங்கள் சட்ஜம் பிடிக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் பாடாத மேல் ஸ்தாயி சட்ஜத்தையும், அதற்கு மேலே பஞ்சமத்தையும், இன்னும் சிலதையும் ஆம்ப்ளிஃபயர் தானாகச் சேர்த்துவிடும். அந்தக் கலப்படம் எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். 1 சதவீதம் என்றால் கலப்படம் பாட்டுக்கு 40 டெசிபெல் கீழே கிடக்கும். 0.1 என்றால் 60 டெசிபெல் கீழே. 10 என்றால் வெறும் 20.

மாயவரம் சித்தப்பா: அக்கா சட்ஜம் பிடித்தால் ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே எல்லாம் சேரும் 😂

குடந்தை அத்தை: என் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் யாருடைய மைக் செட் ஊமையானது என்று இங்கே சொல்லவா?

மாயவரம் சித்தப்பா: அது லோ வோல்டேஜ். 1989லிருந்து சொல்கிறேன்

நான்: ஆரம்பித்துவிட்டார்கள்

மாயவரம் சித்தப்பா: செந்தில், கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் இருந்தாலே நெல்லை எடுத்துக்கொள்கிறான். உனக்கு 10 ஆகாதா?

பெரியப்பா: நெல் என்றதும் ஞாபகம் வந்தது. அறுப்பு மெஷினுக்கு யாராவது சொல்லி வைத்தீர்களா? பெல்ட் வண்டிதான் வேண்டும். கீழ வயலில் இன்னும் கால் புதைகிறது. டயர் வண்டி இறங்காது.

மாயவரம் சித்தப்பா: நம் குத்தாலத்துப் பையனிடம் கேட்கிறேன்

பெரியப்பா: போன வருஷமும் கேட்கிறேன் என்றாய்

செந்தில்: சித்தப்பா, மைக் செட்டை அதன் சக்திக்கு மேல் தள்ளினால் என்ன ஆகும்?

மாயவரம் சித்தப்பா: என்ன கேள்வி இது. அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகும். செட் கத்தும், கரகரக்கும். அப்படியே விட்டால் காயில் கருகி குழாய் யூனிட் போய்விடும். இருபது வருஷத்தில் எத்தனை மாற்றியிருப்பேன்

செந்தில்: அந்தக் கரகரப்புதான் 10 சதவீதம். அப்படிக் கத்த வைத்து அளந்ததுதான் 135 வாட்.

மாயவரம் சித்தப்பா: ஓ

மாயவரம் சித்தப்பா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே

செந்தில்: இன்னொன்று. 70க்கும் 135க்கும் காதில் விழுகிற வித்தியாசம் 3 டெசிபெல்கூட இல்லை. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். நம் ஹாலில் சாதாரணமாகக் கேட்க ஒன்றிரண்டு வாட்டே போதும். அதே மாதிரி 0.09க்குப் பதில் 0.009 என்று போட்டுக் கூடுதல் பணம் கேட்கிற பெட்டியும் வேண்டாம். தாழ்ந்த சுரங்களில் பல ஸ்பீக்கர்களே 1 சதவீதத்துக்கு மேல் திரித்துவிடும்.

சிங்கப்பூர் செல்வி: செந்தில், படிக்க முடியவில்லை. சுருக்கமா

செந்தில்: பொடி எழுத்தில் போட்டிருக்கிற 70 வாட்டே போதும்.

குடந்தை அத்தை: பஞ்சரத்னத்துக்கு முன்னால் புல்லாங்குழல் கோஷ்டி பைரவி வாசிப்பார்களே, அது சுத்தமாகக் கேட்க வேண்டும். அப்பா அதற்குத்தான் கண்ணை மூடிக்கொள்வார்.

செந்தில்: அங்கேதான் அத்தை கலப்படம் காட்டிக்கொடுக்கும். நாகஸ்வரத்தில் இயல்பாகவே மேல் சுரங்கள் நிறைய, அதற்குள் ஒளிந்துகொள்ளும். குழலில் ஒளிய இடம் குறைவு.

செந்தில்: அம்மா, டிவிக்குப் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் பக்கத்தில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிறதா பார். டிவி ஒலியை ரிசீவருக்கு அனுப்புகிற வழி அது.

பெரியம்மா: 📷 படம்

நான்: பெரியம்மா, இது இன்வெர்ட்டர்

பெரியம்மா: எனக்கு எல்லாம் ஒன்றுதான். குழம்பு அடுப்பில் இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன்.

செந்தில்: ஏஆர்சி இல்லாவிட்டாலும் ஆப்டிகல் கேபிள் போதும்.

மாயவரம் சித்தப்பா: ஸ்பீக்கர் எதற்கு வாங்குகிறாய். பரணில் என் பெட்டி இரண்டு இருக்கிறது. கல்லு மாதிரி

செந்தில்: எத்தனை ஓம் சித்தப்பா?

மாயவரம் சித்தப்பா: 4

செந்தில்: இந்த ரிசீவருக்கு 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று போட்டிருக்கிறது. 4 ஓம் மாட்டினால் கரண்ட் கூடுதலாக இழுக்கும், சூடாகித் தானே அணைந்துவிடும்.

மாயவரம் சித்தப்பா: சரி. என் சாமான் இந்த வீட்டுக்கு எப்போது ஆகியிருக்கிறது

செந்தில்: அப்படிச் சொல்லவில்லை சித்தப்பா

பெரியம்மா: அதில் ஒரு பெட்டியில் எலி குட்டி போட்டிருந்தது. ஆடி மாசமே தூக்கிப் போட்டாயிற்று.

மாயவரம் சித்தப்பா: யாரைக் கேட்டுப் போட்டீர்கள் அண்ணி?

பெரியப்பா: பெல்ட் வண்டி என்ன ஆச்சு

தாத்தா: 🎤 குரல் செய்தி 0:19

சிங்கப்பூர் செல்வி: ஆபீஸில் இருக்கிறேன், என்ன சொல்கிறார்?

பெரியம்மா: பெட்டி எதுவானாலும் சரியாம். வலது பக்கம் வைக்கச் சொல்கிறார். இடது காது கேட்கவில்லையாம்.

குடந்தை அத்தை: எப்போதிலிருந்து?

பெரியம்மா: நாலு வருஷமாகச் சொல்கிறேன். வந்தால் அரை நாள் இருந்துவிட்டுப் போகிறீர்கள், யார் கேட்டீர்கள்?

நான்: 😐

செந்தில்: அப்படியானால் சுற்றிலும் ஸ்பீக்கர் வைக்கிற ஐந்து சேனல் ரிசீவர் வேண்டாம். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரே போதும், விலையும் குறையும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி மோனோவில் விட்டால் எந்தப் பக்கமும் விடுபடாது. அந்த வசதி இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆர்டரை நாளைக்குப் போடவில்லை.

மாயவரம் சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். வயரிங் நான்தான் செய்வேன். வேறு யாரும் கை வைக்க வேண்டாம்

குடந்தை அத்தை: காது டாக்டரிடம் யார் அழைத்துப் போவது?

சிங்கப்பூர் செல்வி: அதிலும் பாதி என் கணக்கு

பெரியம்மா: கேஸ் வந்திருக்கிறது. ஓடிபி யார் போனுக்குப் போயிருக்கிறது? சீக்கிரம் சொல்லுங்கள், பையன் வாசலில் நிற்கிறான்.