ரௌட்டர்ல பாக்கெட்டை 'மார்க்' பண்றதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் பசங்களுக்கு நெட்வொர்க் லேப் கையேடு தமிழ்ல எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ரௌட்டர் திசைவி, பாக்கெட் பொதி, கியூ வரிசை, அதெல்லாம் சரியாப் போச்சு. மார்க்கிங்ல மாட்டிக்கிட்டேன். பொதியோட முகப்புல, அதாவது ஐபி ஹெட்டர்ல, இது எந்த வகைப் பொதின்னு திசைவிக்குச் சொல்ல டிஎஸ்சிபின்னு ஆறு பிட் இடம் இருக்கு, 0ல இருந்து 63 வரை ஒரு எண் போடலாம், வாய்ஸுக்கு 46, வீடியோ கால்னா பெரும்பாலும் 34, ஒண்ணும் போடலேன்னா 0. அந்த எண்ணைப் போடுற வேலைக்கு "முன்னுரிமைக் குறியிடல்"னு வெச்சிருக்கேன், ஆனா வகுப்புல "குறி"ன்னாலே கடைசி பெஞ்சுல சிரிப்பு. நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.

---

அம்மா, "பொறித்தல்"னு வைங்க. பட்டினப்பாலைல காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரங்க மூட்டைமேல "புலி பொறித்துப் புறம் போக்கி" அனுப்புறாங்களே, கடல்ல வந்து இறங்கினதுக்கும் சரி, இங்கிருந்து கப்பல் ஏறுறதுக்கும் சரி. நீங்க சொல்றதும் அதே வேலைதான், வாசல்ல ஒருதடவை பாத்து முத்திரை போட்டுட்டா அப்புறம் வழியில மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்ல. மயில் தோகைப் புள்ளிகூட பொறிதான், வேர் எவ்வளவு பழசுன்னு பாருங்க.

---

> அம்மா, "பொறித்தல்"னு வைங்க

ஐயா, குறள்லயே பொறி 6ல ஐம்பொறி, 618ல ஊழ், இன்னிக்கு எலிப்பொறி, தீப்பொறி, பொறியியல் வேற. பசங்க எதைன்னு எடுத்துப்பாங்க? குறியிடல்லயும் சிக்கல் இருக்கு, இடு நீண்டு ஈடு ஆகும், படு பாடு ஆகுற மாதிரி, அப்ப குறியீடுன்னு ஆயிடும், அது ஏற்கெனவே 'code'ங்கற சொல்லுக்குப் போயிடுச்சு. நேரா "அடையாளமிடல்"னு போடுங்க அக்கா, யாருக்கும் புரியும்.

---

நான் தினம் இதையே கான்ஃபிக் பண்றவன், என் கவலை "முன்னுரிமை" மேலதான். 1981ல ஐபி வந்தப்ப மூணு பிட், அது நெஜமாவே முன்னுரிமை வரிசை. 1998ல ஆறு பிட்டா மாத்தினப்பவே எண் பெருசுன்னா ஒசத்தின்னு சொல்ல முடியாம போச்சு, 10ம் 14ம் ஒரே வகை, ஆனா நெரிசல் வந்தா 14தான் முதல்ல தூக்கிப் போடப்படும். தவிர எண்ணைப் போட்டதும் பொதி வேகமாப் போயிடாது, கிளாஸ்-மேப்ல (எது எந்த வகைன்னு சொல்ற அமைப்பு) பிரிச்சு, பாலிசி-மேப்ல (அந்த வகைக்கு என்ன செய்யணும்னு சொல்ற அமைப்பு) எண்ணை எழுதி, அதை இன்டர்ஃபேஸ்ல (திசைவியோட இணைப்பு முனை) கட்டணும், அப்புறம் நெரிசல் வர்ற ஒவ்வொரு திசைவியிலும் வரிசையும் அமைக்கணும், இல்லேன்னா 46 போட்டும் போன் பேச்சு வெட்டி வெட்டித்தான் கேக்கும். முன்னுரிமைன்னு பேர் வெச்சா பசங்க மார்க் பண்ணதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுடுவாங்க அக்கா. "வகை"ன்னு வரணும். பொறித்தல்னா அழியாதுன்னு தோணுது ஐயா, இந்த எண் அடுத்த நெட்வொர்க் எல்லையில 0 ஆனாலும் ஆகும்.

---

தம்பி சொன்ன 10, 14 கதை எனக்கே உறைச்சுது, போன வருஷம் நானே பெரிய எண்தான் ஒசத்தின்னு நடத்திட்டேன். "வகை அடையாளமிடல்"னு போடுறேன், வழியில எண்ணை மாத்திப் போடுற ரீமார்க்கிங்குக்கு "அடையாளம் மாற்றல்". நீளம்தான், ஆனா நாலு பேர் அடையாளத்துக்குச் சரின்னு தனியா எழுதியிருக்காங்க, எனக்கும் நாளில்ல.

---

அச்சுக்கு அனுப்புங்கம்மா, தடுக்கல. ஆனா அழியாதுங்கறதால பொறித்தல் வேண்டாம்னதை நான் ஒத்துக்கல, பழைய நாணயத்துமேலயே புது முத்திரை அடிச்சு விட்டிருக்காங்க, அதுவும் பொறித்தல்தான். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுறேன்.