மறு: ரோட்டரி ஷேவருக்குத் தமிழ்: சுழல்வது தலையா, கத்தியா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ரோட்டரி ஷேவர் என்ற மின்சவரக் கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில், இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் வரிசையாகப் படித்தேன். சுழல்தலைச் சவரக்கருவி, முத்தலை மழிப்பான், வட்டச் சவரி, மின்சிரைப்பான், அப்புறம் ‘ஷேவர் என்றே விட்டுவிடலாமே’ என்ற கருத்து. என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுழல்கத்தி மழிப்பி. மெல்லிய துளைத்தகட்டுக்கு அடியில் கத்தி இடமும் வலமுமாக அசையும் ஃபாயில் வகைக்கு அசைகத்தி மழிப்பி. இரண்டுக்கும் பொதுவாக மின்மழிப்பி. இதைக் கொஞ்சம் விரிவாகவே விளக்க வேண்டும். இந்தக் கருவியில் எது சுழல்கிறது, எது சும்மா இருக்கிறது என்பது பெயரிலேயே தப்பாகப் பதிந்துவிட்டால், வாங்கியவர் அதை முகத்தில் நகர்த்தும் விதமும் தப்பாகிவிடும்.

கருவியின் தலையைத் திறந்து பாருங்கள். மேலே தெரிவது கவிழ்த்த கிண்ண வடிவில் ஒரு சின்ன உலோக மூடி. அதன் வட்டத்தில் நெருக்கமாக மெல்லிய நீள்துளைகள். சில வகைகளில் இடையிடையே பொடித்துளைகளும் உண்டு. சற்றே வளர்ந்த முடி நீள்துளையில் மாட்டும், குத்திக்கொண்டு நிற்கும் குட்டை முடி பொடித்துளையில் நுழையும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு வளையம். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன எஃகுக் கத்திகள் லேசாகச் சாய்ந்து நிற்கும். மோட்டார் ஓடும்போது சுழல்வது இந்த வளையம் மட்டும்தான். மூடி சுழல்வதில்லை. துளை வழியே உள்ளே வந்த முடியைச் சுழன்று வரும் கத்தி துளையின் விளிம்போடு சேர்த்து நறுக்குகிறது. கத்தரிக்கோலின் ஒரு அலகு நிற்க, மற்றது அதன்மேல் ஓடுவது போன்ற வேலைதான் இது. தோலைத் தொடுவது மூடி. கத்தி தோலுக்கு வருவதே இல்லை.

இதனால்தான் ‘சுழல்தலை’ எனக்கு ஒப்பவில்லை. தலையே சுழல்கிறது என்று நினைப்பவர், சுழற்சியெல்லாம் கருவியே பார்த்துக்கொள்ளும் என்று எண்ணி, ரேசரை இழுப்பதுபோல மேலிருந்து கீழே நேராக இழுப்பார். உண்மையில் கைதான் சின்னச் சின்ன வட்டமாகப் போக வேண்டும். தாடைக்குக் கீழும் கழுத்திலும் முடி ஒரே திசையில் படிந்திருக்காது. நேராக இழுத்தால் ஒரு திசையில் படிந்த முடி மட்டும் துளைக்குள் ஏறும், மற்றவை மூடிக்கு அடியில் படுத்தபடியே தப்பிவிடும். வட்டமாகப் போனால் ஒவ்வொரு முடிக்கும் எதிர்த்திசை ஏதோ ஒரு கணத்தில் கிடைக்கும். சுழல்வது கத்தி, வட்டமிடுவது கை, நடுவில் மூடி நிலையாக இருக்கிறது. பெயர் இதைக் குழப்பக் கூடாது.

‘சுழற்கத்தி’ என்று வர வேண்டாமா எனப் புணர்ச்சி பற்றிக் கேட்டிருந்த ஐயாவுக்கு: சுழல்கத்தி வினைத்தொகை. சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் கத்தி. சுழல்காற்று என்று எழுதுகிறோமே, அதே அமைப்பு. அதனால் ‘சுழற்கத்தி’ ஆக வேண்டியதில்லை. அசைகத்தியிலும் இதே காரணத்தால் க் மிகாது.

‘முத்தலை’ கேட்க நன்றாக இருக்கிறது, படமும் கண்முன் வருகிறது. ஆனால் தலைகளின் எண்ணிக்கை இந்த வகையின் இலக்கணம் அல்ல. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஹோரோவிட்ஸ் வடிவமைத்த முதல் சுழல் வகை 1939இல் வந்தபோது அதற்கு ஒரே தலை. 1951இல் இரண்டாயிற்று. மூன்று தலை வந்தது 1966இல். இன்று ஐந்து தலை வைத்ததும் விற்கிறது. 1939இலிருந்து இன்றுவரை மாறாதது துளையிட்ட மூடிக்கு அடியில் கத்தி சுழல்வதுதான். பெயரை அதன்மேல் நிறுத்தினால், நாளைக்குத் தலைகள் கூடினாலும் குறைந்தாலும் பெயருக்குச் சேதமில்லை.

அடுத்ததான ஃபாயில் வகையின் வேலையே வேறு. 1930இல் ஜேக்கப் ஷிக் காப்புரிமை பெற்று அடுத்த ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த மின் ரேசரில் கத்தி நேர்கோட்டில் போய்வந்தது. 1950இல் பிரௌன் நிறுவனத்தின் எஸ் 50 மிக மெல்லிய துளைத்தகட்டை மேலே வளைத்துப் பொருத்தி, அடியில் கத்திக்கட்டை இடமும் வலமுமாக அசைய வைத்தது. இன்றைய ஃபாயில் வகையும் அடிப்படையில் இதுதான். ‘மென்தகட்டு மழிப்பான்’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். தவறில்லை. ஆனால் ஒரு வகைக்குக் கத்தியின் இயக்கத்தாலும் இன்னொரு வகைக்கு மேல்மூடியின் பொருளாலும் பெயர் வைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. சுழல்கத்தி, அசைகத்தி என்று இணையாக வைத்தால் வேறுபாடு என்ன என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது.

இனி மழிப்பி. சவரம் எல்லோருக்கும் தெரிந்த சொல், சவரக்கத்தியும் நிலைத்த சொல். அதை விலக்கச் சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து கருவிப்பெயர் பிறக்க மறுக்கிறது. சவரி என்றால் பின்னலில் வைத்துக் கட்டும் பொய்முடி. முடியை எடுக்கும் கருவிக்கு முடியைக் கூட்டும் பொருளின் பெயர் எப்படிப் பொருந்தும்? சவரன் பொன்னுக்குப் போய்விட்டது. ‘சிரை’ வேண்டவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். அந்த வினையை வசையாகவும், ஒரு தொழிலைச் செய்தவர்களை இழிவுபடுத்தவும் நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். புதிதாகச் சொல் ஆக்கும் உரிமை நம் கையில் இருக்கும்போது அந்தக் காயத்தைத் தெரிந்தே ஏன் ஒரு பெட்டியின் மேல் அச்சடிக்க வேண்டும்? ‘வழித்தல்’ பேச்சில் உயிரோடு இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் வழிப்பி என்றால் பாதை காட்டும் கருவியோ என்று தோன்றும். மிஞ்சுவது மழி. ‘மழித்தலும் நீட்டலும் வேண்டா’ என்று குறளிலேயே இந்தப் பொருளில் நிற்கும் வினை. பள்ளியில் படித்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மழிப்பானா மழிப்பியா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, ஆனால் சாய்வு உண்டு. மழிப்பானும் அழிப்பான் போலப் பழகிவிடும் என்று சிலர் சொல்கிறீர்கள். பழகும்தான். வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்: மழிப்பானை அணைக்கவும், மழிப்பான்களைக் கழுவவும். மழிப்பியை அணைக்கவும், மழிப்பிகளைக் கழுவவும். கையேடு எழுதுபவருக்கு இரண்டாவது எளிது. ‘அவன் மழிப்பான்’ என்ற வினைமுற்றோடு மோதுவதும் இல்லை. கால் முடி எடுக்கும் பெண்களும் வாங்கும் கருவி இது, அதற்கு ஆண்பால் போலத் தெரியும் ஈறு எதற்கு?

ஷேவர் என்றே விடலாம் என்பவருக்கு: பேச்சில் ஷேவர்தான் இருக்கும், இருக்கட்டும். எனக்கு வேண்டியது ரோட்டரி, ஃபாயில் என்ற இரண்டுக்கும் தமிழ். ஷேவர் தெரிந்தவர் எல்லோருக்கும் அந்த இரண்டும் தெரியாது. தெரியாததால்தான் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, தன் முடிக்குப் பொருந்தவில்லை என்று மூலையில் போடுகிறார்கள்.

சொல் நன்றா என்று பார்க்க, வாக்கியத்தில் இட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. வாங்குபவருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

“தினமும் மழிப்பவர், முடி ஒரே சீராக வளர்பவர், காதோரம் நேர்கோடு வேண்டுபவர் என்றால் அசைகத்தி மழிப்பி பொருந்தும். அதன் துளைத்தகடு மிக மெல்லியது, குட்டை முடியைத் தோலை ஒட்டி எடுக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மழிப்பவர், கழுத்து முடி பல திசையில் சுழித்து வளர்பவர், தாடை வளைவு கூடியவர் என்றால் சுழல்கத்தி மழிப்பியைப் பாருங்கள். அதன் தலைகள் தனித்தனியாக அமுங்கி வளைவுக்கு ஏற்பச் சாயும். பொதுவாகச் சத்தமும் குறைவு.”

சுழல், அசை என்ற இரண்டு சொல்லும் சட்டென்று பிரிந்து நிற்கின்றன, இல்லையா? பயன்படுத்தும் முறைக்கும் எழுதிப் பார்த்தேன்:

“முகத்தைக் கழுவி எண்ணெய்ப்பசை போக்கவும். உலர்நிலையில் மழிப்பதானால் நன்றாகத் துடைத்து ஈரம் போன பிறகு தொடங்கவும். சில நாள் வளர்ந்த முடியை முதலில் கத்தரிப்பியால் (டிரிம்மரால்) குறைக்கவும். ஒரு கையால் கழுத்துத் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, மறு கையால் மழிப்பியைச் சிறு வட்டங்களாக நகர்த்தவும். அழுத்த வேண்டாம்.”

இந்த ‘அழுத்த வேண்டாம்’ என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன். முடி விட்டுப்போனால் யாருக்கும் முதலில் தோன்றுவது இன்னும் அழுத்துவதுதான். அழுத்தினால் தோல் துளைக்குள் பிதுங்கும், எரிச்சலும் சிவப்பும் வரும். முடி கூடுதலாக வெட்டுப்படாது. ரேசரிலிருந்து மாறுபவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தோல் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வாரத்து எரிச்சலை வைத்துக் கருவியை எடைபோடக் கூடாது. இடையிடையே ரேசருக்குத் திரும்பினால் பழக்கம் இன்னும் தள்ளிப்போகும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு மருத்துவர்கள் மின்மழிப்பியைப் பரிந்துரைப்பதும், கத்தி தோலைத் தொடாத இந்த அமைப்பினால்தான். அவர்களுக்கான தாளில் விளங்காத சொல் இருக்கக் கூடாது என்பது எனக்கு முக்கியம்.

பராமரிப்புப் பகுதிக்கு வரும்போது பகுதிகளின் பெயர் தேவைப்படுகிறது. மேல்மூடிக்குத் துளைமூடி, உள்ளே இருப்பதற்குச் சுழல்கத்தி, ஃபாயிலுக்குத் துளைத்தகடு என்று வைத்திருக்கிறேன். ‘சல்லடை’ என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். சல்லடை பிரித்தெடுப்பது, இது வெட்டுவதில் பங்கெடுப்பது. துளையின் விளிம்பும் ஒரு வெட்டுவாய் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தத் துளைமூடியும் சுழல்கத்தியும் இணையாகவே வேலை செய்கின்றன. ஓட ஓட ஒன்றோடு ஒன்று தேய்ந்து, அந்த மூடிக்கு அந்தக் கத்தி என்று பதமாகிவிடும். கழுவும்போது எல்லாத் தலைகளின் மூடியையும் கத்தியையும் ஒரே நேரத்தில் கழற்றிக் கலந்து போட்டுவிட்டால், மாறிப் பொருந்திய இணைகள் மறுபடி ஒத்துப்போகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை முடியைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்துப் புதுத்தலை வாங்குபவர்கள் இருப்பார்கள். ‘ஒரு நேரத்தில் ஒரு இணையை மட்டும் கழற்றவும்’ என்ற ஒற்றை வரி அந்தச் செலவைத் தடுக்கும். இதற்கு ‘இணை’ போதும் என்று நினைக்கிறேன். ‘சோடி’யும் சரியே, கையேட்டில் ஏதாவது ஒன்று சீராக வர வேண்டும், அவ்வளவுதான். கழுவிய பிறகு தண்ணீரை உதறி, காற்றில் உலர விட வேண்டும். துண்டாலோ தாளாலோ கத்தியைத் துடைக்கக் கூடாது. விளிம்பு கெட்டுவிடும்.

நீர் பற்றிய சொற்களில் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ‘நீர்புகா’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுகிறோம். குழாய்க்கு அடியில் தலையைக் கழுவலாம் என்பது ஒன்று. நுரை பூசிய முகத்தில், குளித்துக்கொண்டே மழிக்கலாம் என்பது வேறு. எல்லாக் கருவிக்கும் இரண்டும் பொருந்தாது. முதலாவதற்குக் ‘கழுவத்தக்கது’, இரண்டாவதற்கு ‘ஈரத்தில் பயன்படுத்தத்தக்கது’ என்று பிரித்து எழுதுவோம். நீளம்தான், ஆனால் மின்கருவியும் நீரும் சேரும் இடத்தில் சுருக்கத்தைவிடத் தெளிவு பெரிது. ஈரத்தில் பயன்படும் பல கருவிகள் மின்கம்பி செருகியிருக்கும்போது ஓடாதபடியே அமைக்கப்பட்டிருக்கும். ‘செருகினால் ஓடவில்லை, பழுது’ என்று கருதாமலிருக்க அதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

டிரிம்மருக்கு நான் மேலே கத்தரிப்பி என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். மழிப்பி முடியைத் தோலோடு எடுப்பது, கத்தரிப்பி கொஞ்சம் விட்டு வெட்டுவது. இரண்டு பல்வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடுவதால் சொல்லும் செயலும் பொருந்துகின்றன. இதற்கு மறுப்பு இருந்தால் தனி இழையில் பேசலாம், இங்கே கலக்க வேண்டாம்.

எனக்கே இன்னும் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. முகத்தின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொரு தலையும் அமுங்கிச் சாயும் அமைப்புக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தின் ‘ஃப்ளோட்டிங் ஹெட்’ என்பதற்கு ‘மிதவைத்தலை’ நேர் மொழிபெயர்ப்பு, ஆனால் எதுவும் மிதக்கவில்லை. ‘நெகிழ்தலை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். தலை கடினமான உலோகம், நெகிழ்வது அதன் அடியிலிருக்கும் வில்லும் இணைப்பும். அதனால் ‘சாய்தலை’ இன்னும் துல்லியமோ என்றும் தோன்றுகிறது. அமுங்குவது அதில் விட்டுப்போகிறது. கருவியைக் கையில் வைத்திருப்பவர்கள் தலையை ஒருமுறை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, தோன்றுகிற வினைச்சொல்லை எழுதுங்கள்.

அன்புடன்