நெல்லைப் பழக்கியது புத்தியா, தாக்கத்தியா (கதிர் அரிவாளா)?

வட்டைக்காரன் (சம்மாந்துறை):
இந்தப் போகமும் எங்கள் வயல் வட்டையில், பயிருக்குள் களையாக முளைக்கும் பன்றிநெல் கிளம்பிவிட்டது. வெட்டுக்கு முன்னமே மணியைச் சேற்றில் கொட்டிவிடுகிறது. இதை ஓரிடத்தில் சொல்லிப் புலம்பினேன். அங்கே ஒருவர், "ஆதி மனிதன் திட்டம் போட்டே உதிராத நெல்லை உருவாக்கினான், இந்தக் காலத்தவனுக்கு அந்தப் புத்தி இல்லை" என்று எழுதிவிட்டார். திட்டமாவது மண்ணாவது! காட்டு நெல்லுக்கு உதிர்வதுதான் பிழைப்பு. எப்போதாவது உதிராத கதிர் ஒன்று பிறக்கும், காட்டில் அது வீண். மனிதன் முற்றிய கதிரை அறுத்துக்கொண்டு போகத் தொடங்கியதும் உதிர்ந்தது நிலத்தோடு போயிற்று, உதிராதது அவன் கையில் தங்கியது. அடுத்த முறை அதையே விதைத்தான். அவ்வளவுதான் நடந்தது.

படுவான்கரையான்:
காக்கா, விதைநெல்லுக்கு நல்ல கதிர் எது என்று பார்த்து எடுக்கிறவர் நீங்கள். உங்களுக்கு இருக்கும் கண் அந்த மனிதனுக்கு இல்லையா? கலிலேயாக் கடலோரம் ஒஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டு வாற்கோதுமையைச் சேர்த்து, கல்லில் அரைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை காலம் ஒரு செடியோடு பழகியவனுக்கு அதைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். தற்செயல் என்பது அவர்களை மட்டம் தட்டும் பேச்சு.

வட்டைக்காரன்:
சரி தம்பி, தெரிந்தே இருக்கட்டும். அதற்குப் பிறகு பத்தாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் பயிர் வரவில்லையே, ஏன்?

கல்முனை வாத்தி:
இரண்டு பேரும் காலக்கணக்கைக் கவனியுங்கள். காட்டுக் கோதுமையை அறுத்து விதைத்துக்கொண்டே வந்தால் இருநூறு ஆண்டுக்குள், ஒருவேளை இருபது முப்பது ஆண்டிலேயே, உதிராத பயிராகிவிடும் என்று 1990இல் கோர்டன் ஹில்மனும் ஸ்டூவர்ட் டேவிசும் கணக்குப் போட்டார்கள். மண்ணில் கிடைத்த சான்று வேறு கதை சொல்கிறது. சீனாவில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் தியன்லுவோஷான் என்ற ஊர். அங்கே கிடைத்த சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல்லில் உதிராத வகை 27 சதவீதம். முந்நூறு ஆண்டு கழித்து 39. அத்தனை தலைமுறைக்கும் கூடியது 12 சதவீதம்தான்! உதிராத நெல்தான் வேண்டும் என்று கங்கணம் கட்டியவன் இவ்வளவு மெதுவாகவா போவான்?

படுவான்கரையான்:
சேர், மெதுவாகப் போனதால் புத்தி இல்லை என்று ஆகாது. உதிர்வதற்கு முன்பே பச்சையாக வெட்டியிருப்பார்கள், காட்டு நெல்லையும் கலந்து விதைத்திருப்பார்கள்.

கல்முனை வாத்தி:
அதையேதான் நானும் சொல்கிறேன். உதிராத நெல் அவர்களுடைய குறியாக இருக்கவில்லை.

பட்டிக்காரர் மகள் (செங்கலடி):
நெல்லிலேயே நிற்கிறீர்கள், மாட்டுப் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். எங்கள் பட்டியில் பசுக்கன்றை யாரும் விற்பதில்லை. ஆண் கன்றான நாம்பன் வளர்ந்தால் விலைக்குப் போய்விடும், குணமான ஒன்றிரண்டுதான் நிற்கும். இதே வேலையை ஈரானில் கஞ்ச் தாரே என்ற இடத்தில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் ஆட்டில் செய்திருக்கிறார்கள். கிடாய்களை இளசிலேயே அடித்து, பெட்டைகளை வயது போகும்வரை வைத்திருந்தது எலும்பிலிருந்து தெரிகிறது. உடலளவில் அவை இன்னும் காட்டாடுகள்தான். அதாவது உருவம் மாறுவதற்கு முன்பே மேய்ப்பு வந்துவிட்டது. எதைக் கொல்வது, எதை விடுவது என்று யாரோ யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று தள்ளிவிடாதீர்கள்.

படுவான்கரையான்:
நல்லாச் சொன்னீங்க தங்கச்சி!

வட்டைக்காரன்:
அவர்கள் யோசித்தது அந்த வருடத்து இறைச்சியையும் பாலையும். ஆயிரம் ஆண்டு கழித்து வரப்போகும் வீட்டாட்டை யாரும் யோசிக்கவில்லை. மனிதனின் விருப்பம் மட்டும் போதும் என்றால் யானை இன்றைக்கு வீட்டு மிருகமாக இருக்க வேண்டுமே? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பிடித்துக் கட்டி வேலை வாங்குகிறோம். சினை 22 மாதம், குட்டி வளர்ந்து ஈனப் பத்து வருடத்துக்கு மேலாகும். எவன் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்வான்? அதனால் காட்டில் பிடித்துப் பழக்குவதோடு நின்றுவிட்டது. பிடிபடாத மற்ற யானைகள் எங்கள் வரம்பில் இரவு முழுக்க நிற்கின்றன, வெடி போட்டாலும் அசைவதில்லை.

படுவான்கரையான்:
யானையை விடுங்கள். வயலுக்குள் இறங்கிப் பன்றிநெல்லைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்குகிறீர்களே, அது தெரிந்து செய்யும் தெரிவு இல்லையா?

வட்டைக்காரன்:
பிடுங்குகிறேன்தான். உயர்ந்து நிற்பதையும் நிறம் மாறியதையும் கண்டு பிடுங்குகிறேன். பயிரின் உயரத்தில் பயிரைப் போலவே நிற்பது என் கண்ணுக்குத் தப்பி விதை போடுகிறது. வருடத்துக்கு வருடம் அடையாளம் காண்பது கஷ்டமாகிக்கொண்டு போகிறது. பயிரைப் போலத் தோற்றம் காட்டும் களையை வளர்க்க வேண்டும் என்று நான் எப்போது திட்டம் போட்டேன்?

பட்டிக்காரர் மகள்:
காக்கா, வெட்டு மெசினையும் கழுவிவிட்டு இறக்கச் சொல்லுங்கள். ஒரு வயலின் மணியை அடுத்த வயலுக்குக் கொண்டுபோவது அதுதான்.

படுவான்கரையான்:
வீச்சு விதைப்பை விட்டு ஒரு போகம் நாற்று நட்டுப் பாருங்கள். வரிசைக்கு வெளியே முளைப்பது பன்றிநெல் என்று உடனே தெரியும். அங்கே என்றாலும் புத்தி வேலை செய்யட்டும்!

வட்டைக்காரன்:
நடுகைக் கூலியை நீங்கள் கொடுக்கிறீர்களா தம்பி?